பெருநீகான் பாட்டும் நகர்ந்துபோன மணல்மேடும்

கேளுங்கள் பிள்ளைகளே. பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, நீங்களும் கேளுங்கள். இப்போது கடல் இருக்கும் இடத்தில் தோப்பும், இப்போது தோப்பு இருக்கும் இடத்தில் கடலும் இருந்த காலத்தில், கயல்வாய்த்துறை என்று ஒரு துறைமுகப் பட்டினம் இருந்தது.

நீலியாறு என்ற ஆறு அங்கேதான் கடலில் கலந்தது. ஆற்றின் வாய்க்குள் புகுந்தால்தான் கப்பல்கள் துறையை அடைய முடியும். புகுவது லேசான காரியம் இல்லை. ஆறு மணலைக் கொண்டுவந்து கொட்டும். கடல் அதைத் திருப்பித் தள்ளும். இந்தச் சண்டையில் தண்ணீருக்கு அடியில் மணல்மேடுகள் உருவாகிக் கிடக்கும். நடுவே ஆழமான வழி ஒன்றே ஒன்று உண்டு. அந்த வழி தெரிந்த ஒருவர் வெளியே போய்க் கப்பலில் ஏறி, சுக்கானைப் பிடித்து உள்ளே கொண்டுவர வேண்டும். அவருக்கு நீகான் என்று பெயர்.

நீகான்களுக்கெல்லாம் பெரியவர் ஒருவர் முன்னொரு காலத்தில் அங்கே வாழ்ந்தார். ஆழியன் என்பது அவர் பெயர். புயலில் கொண்டுவந்தார், மூடுபனியில் கொண்டுவந்தார், பாய் கிழிந்த கப்பலையும் கொண்டுவந்தார். அவர் கை வைத்த கப்பல் ஒன்றுகூடத் தரை தட்டியதில்லை. அவர் போய்ப் பல தலைமுறை ஆனபிறகும் ஊரார் அவரைப் பெருநீகான் என்றே சொன்னார்கள். அவருக்குக் கோயில்போல ஒரு கோட்டம் எழுப்பினார்கள். அவரைப் போல நாமும் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள்.

ஆசை நல்ல ஆசைதான். அதற்கு அவர்கள் கண்ட வழிதான் வேடிக்கை.

பெருநீகான் இடது காலை நொண்டி நடந்தாராம். ஆகவே நீகான்கள் எல்லாரும் நொண்டிப் பழகினார்கள். பெருநீகான் சுக்கானைப் பிடித்தபடி ஒரு பாட்டுப் பாடினாராம். ஆகவே எல்லாரும் அதே பாட்டை அதே இழுப்போடு பாடினார்கள். பாட்டு முடிந்ததும் சுக்கானை வலப்பக்கம் திருப்பினார்கள். பெருநீகான் மணலை நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்ப்பாராம். ஆகவே கோட்டத்தில் ஒரு செப்புப் பேழை நிறைய மணல் வைத்திருந்தார்கள். கப்பலேறும் முன் ஆளுக்கு ஒரு சிட்டிகை. பேழை குறைந்தால் கோட்டத்து வாசலிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டு நிரப்புவார்கள்.

சில காலம் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் ஆறு யார் பாட்டையும் கேட்டு ஓடுவதில்லை. மணல்மேடுகள் மெல்ல மெல்ல நகர்ந்தன. கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரை தட்டத் தொடங்கின.

தட்டிய கப்பல்களில் ஒன்று சேந்தன் கொண்டுவந்தது.

சேந்தன் கெட்டிக்காரன். அவனைப் போல அழகாக நொண்டுகிற நீகான் அந்தத் துறையிலேயே இல்லை. பாட்டில் ஓரிடம் பிசகமாட்டான். அப்படிப்பட்டவன் கொண்டுவந்த கப்பல் மணலில் ஏறிச் சாய்ந்தது. அதில் இருந்ததெல்லாம் பனைவெல்லம். அத்தனையும் கரைந்துபோனது. ஆட்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். ஊரார் சும்மா இருப்பார்களா? கடலில் பாயசம் காய்ச்சிய சேந்தன் என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள். பாயசத்துக்கு முந்திரி போட்டாயா என்று சந்தையில் கேட்டார்கள்.

சேந்தன் கோட்டத்துக்கு ஓடினான். பெருநீகான் சிலைமுன் நின்று, தன் நொண்டல் போதவில்லையோ, குரல் சரியில்லையோ, மணல் ஒரு சிட்டிகை குறைந்ததோ என்று மனம் நொந்தான். அன்றிலிருந்து இன்னும் ஆழமாக நொண்டினான்.

அந்த ஆண்டு மழை பொய்த்துப் போயிருந்தது. பசி தாங்காமல் மக்கள் விதைக்கு வைத்திருந்த நெல்லையும் குத்திச் சமைத்துவிட்டார்கள். அடுத்த மழை வந்தாலும் விதைக்க ஒரு மணி இல்லை. அரசர் கடல் கடந்த நாட்டுக்கு ஆள் அனுப்பி, ஒரு கப்பல் நிறைய விதைநெல் வரவழைத்தார். கப்பலும் வந்துவிட்டது. ஆற்றின் வாய்க்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. பக்கத்திலேயே மேகமும் வந்து நின்றது.

சிறு படகுகளில் மாற்றி இறக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். வெளிக்கடலில் ஆள் உயரத்துக்கு அலை. விதைநெல் நனைந்தால் மூட்டையிலேயே முளைத்துவிடும். பிறகு வயலில் எதைப் போடுவது? கப்பல் உள்ளே வந்தே ஆக வேண்டும்.

அரசர் தாமே துறைக்கு வந்தார். ஆழமாக மூழ்கும்படி கல் ஏற்றிய படகுகளை ஆயத்தம் செய்யச் சொன்னார். நீகான்கள் ஒவ்வொருவராகக் கல்படகை வெளியிலிருந்து உள்ளே கொண்டுவர வேண்டும். தட்டாமல் கொண்டுவருகிறவனிடம் நெல்கப்பலை ஒப்படைப்பது. தட்டியவன் இனி வாழ்நாளில் சுக்கானைத் தொடக் கூடாது. இதுதான் சோதனை.

அந்தத் தண்டனைக்கு அஞ்சாமல் வங்கன், இயக்கன், சேந்தன் என்று மூன்று பேர்தான் முன்வந்தார்கள். முதலில் வங்கன் போனான். அவன் நொண்டிக்கொண்டு படகேறியபோது, பெருநீகானே எழுந்து வந்துவிட்டார் என்று கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். படகு மணலில் ஏறிக்கொண்டது. அடுத்து இயக்கன் போனான். அவன் பாடிய பாட்டில் கரையே சொக்கி நின்றது. அவன் படகும் அதே இடத்தில், வங்கன் படகுக்குப் பக்கத்தில், துணைக்குப் போவதுபோல ஏறிக்கொண்டது.

அதற்குள் காற்று மாறிவிட்டது. மேகம் கறுத்தது. கப்பல் தலைவன் ஆள் அனுப்பிச் சொன்னான்: நாளைக் காலை, கடல்நீர் பொங்கி ஏறும் ஏற்றத்தில், உள்ளே அழைத்துப் போகாவிட்டால், தன் ஆட்களின் உயிரைக் காக்க அவன் பாய் விரித்துத் திரும்பிவிடுவான்.

இனிச் சோதனைக்கு நேரம் இல்லை. மிஞ்சியிருப்பவன் சேந்தன் ஒருவன். நெல்கப்பலையே அவன் கொண்டுவர வேண்டும் என்று அரசர் சொல்லிவிட்டார்.

சேந்தன் அப்போதே ஆற்றின் வாய்க்குப் போனான். பெருநீகானுக்கு நேர்ந்துகொண்டு, வடிந்த தண்ணீரில் தெரிந்த மணல்மேட்டின்மேல் நொண்டி நொண்டிப் பழகினான். அவன் மனைவி கொற்றி கொஞ்சம் தள்ளிக் குனிந்து மட்டிச் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தாள். அரிசி இல்லாத வீட்டுக்கு அன்றைக்கு அதுதான் சாப்பாடு.

"இன்றைக்கு ஒருநாளாவது நேராக நடங்களேன்" என்றாள் அவள். "உங்கள் காலடித் தடத்தைப் பார்த்தால் யாரோ அடிபட்ட நண்டு போயிருக்கிறது என்று நினைப்பார்கள்."

"கேலி செய்யாதே கொற்றி. பெருநீகான் இப்படித்தான் நடந்தார்."

"ஏன் அப்படி நடந்தாராம்?"

இத்தனை காலத்தில் யாரும் சேந்தனை இதைக் கேட்டதில்லை. அவனும் யாரையும் கேட்டதில்லை. பெரியவர் செய்தார், ஆகவே செய்ய வேண்டும், அவ்வளவுதான். பதில் தெரியாதபோது எல்லா நீகான்களும் செய்வதை அவனும் செய்தான். பாட்டைப் பாடினான்.

"திருக்கை குத்திய காலும் நோக
திரைமேல் ஏறி வந்தேனே..."

பாடியவன் சட்டென்று நிறுத்தினான். திருக்கைமீன் காலில் குத்தியிருக்கிறது. வலித்திருக்கிறது. அதனால் மனிதர் நொண்டியிருக்கிறார். அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். ஊர் முழுவதும் அதை நாள்தோறும் பாடிக்கொண்டே நொண்டிக்கொண்டிருக்கிறது.

சேந்தனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பாட்டின் கடைசிக்குப் போனான்.

"முப்பனை நேரே தெரியும் போது
வலக்கைப் பக்கம் திருப்பேனே."

"கொற்றி, இங்கே எங்கேயாவது மூன்று பனை தெரிகிறதா?"

கொற்றி நிமிர்ந்து கரையைப் பார்த்தாள். "பனையா? என் பாட்டி காலத்திலேயே கடல் அதையெல்லாம் கொண்டுபோய்விட்டதே. எதற்குக் கேட்கிறீர்கள்?"

பாட்டு முடிகிற இடம் எது, வலப்பக்கம் திரும்பினால் வருவது எது என்று சேந்தன் மனத்துக்குள் கணக்குப் பார்த்தான். வருவது அவன் நின்றுகொண்டிருந்த இந்த மணல்மேடு. கொற்றி மட்டி பொறுக்குகிற இடத்துக்குத்தான் நீகான்கள் எல்லாரும் கப்பலைக் கவனமாகக் கொண்டுவந்து ஏற்றியிருக்கிறார்கள். பாட்டில் பிழை இல்லை. அது அன்றைய ஆற்றுக்குப் பாடிய பாட்டு.

அவ்வளவுதான், சேந்தன் மணலில் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தான். சிரித்த வாய்க்குள் ஓர் அலை வந்து அடித்தது. துப்பினான். பல்லில் சிப்பித் துணுக்குகள் நறநறத்தன. கோட்டத்துப் பேழையில் தின்ற மணல் இப்படி இல்லையே என்று தோன்றியது. எழுந்துபோய், மேட்டின் ஓரத்தில் தண்ணீருக்குள் மூழ்கி அடியிலிருந்து ஒரு கை எடுத்தான். அது கறுப்பாக இருந்தது. வழவழவென்று இருந்தது. நாக்கில் வைத்தால் வயல் வாசனை அடித்தது.

பல்லில் நறநறத்த வெள்ளை மணல் கடல் போட்டது; அது கிடந்தால் மேடு. கறுப்பு வண்டல் ஆறு போட்டது. அது கிடந்தால் ஆறு ஓடுகிற வழி. பெருநீகான் எதற்காக மணலைச் சுவைத்தார் என்பது அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவர் கோட்டத்து மணலையா சுவைத்தார்? அன்றன்றைக்குக் கடலடியிலிருந்து எடுத்துச் சுவைத்தார்.

ஆக, நொண்டல் அவருக்கு நேர்ந்த வலி. பாட்டு அவர் காலத்து வழி. இரண்டையும் விட்டுவிடலாம். போய்ப் பார்த்தாரே, அதைத்தான் விடக்கூடாது.

பொழுது சாய்வதற்குள் இருவரும் கட்டுமரத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நீளமான மூங்கில் கழியின் நுனியில் மெழுகைப் பூசி அடியில் குத்தினார்கள். மெழுகில் ஒட்டி வந்ததைப் பார்த்தார்கள், மோந்தார்கள், சந்தேகம் வந்தால் சுவைத்தார்கள். ஆழமான வழி அகப்பட்டது. அகப்பட்ட இடத்தை நம்ப முடியாமல் சேந்தன் மறுபடி மறுபடி குத்திப் பார்த்தான். அது நேரே உள்ளே போய், குரங்குப்பாறை என்று ஊரே அஞ்சுகிற பாறையை ஒட்டி இடப்பக்கம் வளைந்தது.

பொழுது விடிந்தது. ஏற்றம் தொடங்கியது. ஊர் முழுவதும் கரையில் கூடியிருந்தது. சேந்தன் வந்தான். நேராக நடந்து வந்தான். கோட்டத்துப் பேழையை நீட்டினார்கள். கும்பிட்டான், மணலை எடுக்கவில்லை. துறைக்காவலர் பெருஞ்சாத்தனாருக்குக் கோபம் பொங்கியது. பெருநீகானை மதிக்காதவன் கையில் ஊரின் உயிரைக் கொடுப்பதா என்று அரசரிடம் முறையிட்டார். அரசர், வேறு ஆள் இருந்தால் காட்டுங்கள் என்று மட்டும் சொன்னார்.

சேந்தன் கப்பலேறிச் சுக்கானைப் பிடித்தான். முன்னால் கட்டுமரத்தில் கொற்றி போனாள். கழியைக் குத்துவாள், எடுத்துப் பார்ப்பாள், கறுப்பு என்று கூவுவாள். கப்பல் கொஞ்சம் நகரும். மறுபடி குத்துவாள். மறுபடி கறுப்பு என்பாள்.

அவன் பாடாததைக் கண்டு கரையில் இருந்தவர்கள் பதறினார்கள். அவன் பாடாவிட்டால் நாம் பாடுவோம் என்று எல்லாருமாகப் பெருநீகான் பாட்டைத் தொடங்கினார்கள். ஆணும் பெண்ணும் குழந்தைகளும் பாடினார்கள். காற்றில் மிதந்து பாட்டு கப்பலுக்கு வந்தது. முப்பனை வந்தது. பாட்டு முடிந்தது. கரை முழுவதும் ஒரே குரலில், வலப்பக்கம் திருப்பு என்று கத்தியது.

சேந்தனின் கை தானாக வலப்பக்கம் போனது. எத்தனை ஆண்டுப் பழக்கம் அது. இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான். கப்பல் திரும்பவில்லை. குரங்குப்பாறையை நோக்கி நேராகப் போனது.

அப்போது கொற்றி கழியை எடுத்துப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். "கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. சாம்பலாக இருக்கிறது" என்றாள்.

நேற்று மாலை அதே இடத்தில் நல்ல கறுப்பு வந்திருந்தது. ஒரே இரவு அலையில் மணல் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. சேந்தன் நங்கூரத்தை இறக்கச் சொன்னான். பாறைக்கு எதிரே கப்பல் நின்றுவிட்டதைக் கண்டு கரையில் அலறல் எழுந்தது. கப்பல் தலைவன் சேந்தனின் தோளைப் பிடித்து உலுக்கி, வழி தெரியுமா தெரியாதா என்று கேட்டான்.

"நேற்றைய வழி தெரியும்" என்றான் சேந்தன். "இன்றைய வழியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

கயிற்றில் ஒரு கூடையை இறக்கினான். கொற்றி மண்ணை வழித்து அதில் போட்டாள். சேந்தன் நாக்கில் வைத்து மெல்ல அரைத்தான். வயல் வாசனை இருந்தது. ஆனால் பல்லில் சிப்பி நறநறத்தது. அது மேட்டின் விளிம்பு. பாறைப் பக்கமாக இன்னும் கொஞ்சம் போகும்படி கொற்றிக்குக் கை காட்டினான். அவள் போய்க் குத்தினாள்.

"கறுப்பு" என்று கூவினாள். "அட்டக்கறுப்பு."

நங்கூரம் ஏறியது. கை நீட்டினால் பாறையில் இருக்கும் நாரையைத் தொடலாம்போல அவ்வளவு ஒட்டிப் போனது கப்பல். நாரைகூட முறைத்துப் பார்த்தது. பிறகு அலை அடங்கியது, ஆட்டம் அடங்கியது, நீலியாற்றின் அமைதியான தண்ணீரில் கப்பல் அன்னம்போல மிதந்து வந்தது.

கடைசி மூட்டையை இறக்கிக் கிடங்கில் வைத்தபோது முதல் தூறல் விழுந்தது. பாயசம் என்று கேலி செய்தவர்களே மூட்டை தூக்கினார்கள். அந்த வாரமே நாடு முழுவதும் உழவு நடந்தது.

ஆனாலும் பெருஞ்சாத்தனாருக்கு மனம் ஆறவில்லை. நெல் வந்தது நல்லதுதான், ஆனால் பெருநீகான் செய்த எதையும் இவன் செய்யவில்லையே என்று அரசர் முன்னால் குறைப்பட்டார். அரசர் சேந்தனைப் பார்த்து, இதற்கு என்ன சொல்கிறாய் என்றார்.

"அரசே, பெருநீகான் இன்றைக்கு இருந்திருந்தால் அவரும் இந்தப் பாட்டைப் பாடியிருக்கமாட்டார்" என்றான் சேந்தன். "கால் ஆறியிருந்தால் நொண்டியிருக்கவும் மாட்டார். கழியை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போயிருப்பார். அவர் செய்ததை நாங்கள் பார்த்தோம். எதற்காகச் செய்தார் என்று இத்தனை காலம் கேட்காமல் விட்டுவிட்டோம்."

பெருஞ்சாத்தனார் நியாயமான மனிதர். கோட்டத்துப் பேழையில் தாமே போன மாதம் வாசல் மணலை அள்ளிப் போட்டதாகச் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் முன்னால் சிரித்தார். அரசரும் சிரித்தார். சேந்தனைத் துறையின் தலைமை நீகானாக அங்கேயே அமர்த்தினார்.

நெல்கப்பல் வந்த மறுநாளே வேறொரு கப்பல் ஆற்றின் வாயில் வந்து நின்றது. குதிரைகள் ஏற்றி வந்த கப்பல். அதன் தலைவனுக்கு அவசரம். குரங்குப்பாறை வழியாக நெல்கப்பல் வந்த கதை அதற்குள் அவன் காதுக்கும் போயிருந்தது. சேந்தன் கட்டுமரத்தில் கழியோடு கிளம்புவதைக் கண்டு அவன் பொறுமை இழந்தான்.

"நேற்றுத்தானே ஐயா அந்த வழியாக வந்தீர்கள்? அப்படியே என்னையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியதுதானே?"

"நேற்று வந்தேன்" என்றான் சேந்தன், கழியின் நுனியில் மெழுகைப் பூசியபடி. "இன்றைக்கு இன்னும் போய்ப் பார்க்கவில்லையே."

ஆகையால் பிள்ளைகளே, பெரியோரைப் போல ஆக விரும்புகிறவர்கள் அவர்கள் நடந்த நடையைப் பார்த்து நடக்காமல், அவர்கள் நினைத்த விதத்தை அறிந்து தாமும் அப்படி நினைக்கப் பழக வேண்டும்.